மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோய்க்கான டாக்டரின் படிப்பை எப்படிப் பார்ப்பது?

குடியாத்தம் தறிக்காரன்:
தங்கைக்கு 29 வயது. முதலில் வலது கண் மங்கியது, இப்போது கால் மரத்துப்போகிறது. எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.), அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய் என்கிறார்கள். அடுத்த வாரம் வேலூரில் பார்க்கப்போகும் டாக்டருக்கு எம்.டி., டி.எம்., அப்புறம் வெளிநாட்டில் நியூரோ இம்யூனாலஜி (நரம்பு மண்டல எதிர்ப்புச் சக்தி நோய்கள்) ஃபெலோஷிப், ஆராய்ச்சிக் கட்டுரைகள் என்று நீளமாகப் போட்டிருக்கிறது. வயது மட்டும் கம்மி. வீட்டில் 'சீனியரா பாரு' என்கிறார்கள். இந்தப் படிப்பெல்லாம் நோயாளிக்கு எதற்கு உதவும்?

சத்துவாச்சாரி சிஸ்டர்:
தம்பி, நரம்பியல் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.டி. 3, நியூராலஜி டி.எம். இன்னும் 3. வாதம், வலிப்பு, நடுக்கம் எல்லாம் இதில் வந்துவிடும்; எம்.எஸ். அதில் ஒரு ஓரம். ஃபெலோஷிப் என்றால் அதற்கு மேல் இந்த மாதிரி நோயாளிகளையே பார்த்துப் பழகியிருப்பார்.

அது எங்கே உதவும் தெரியுமா? எம்.எஸ். போலவே கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் என்.எம்.ஓ. (நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா) என்று இன்னொரு நோய் இருக்கிறது. 2004-ல் அதன் ஆன்டிபாடியை (ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்புப் புரதம்) கண்டுபிடித்த பிறகுதான் ரத்தத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல வழி பிறந்தது. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரானும் ஃபிங்கோலிமாடும் என்.எம்.ஓ.வைக் கிளப்பிவிடக்கூடும். ஒரு நோயை இன்னொன்று என்று நினைத்துவிட்டால் மருந்தே வினையாகிவிடும்.

கட்டுரை எத்தனை என்று எண்ணாதீர்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் தலைப்புகளைப் பாருங்கள், காசு கிடையாது. நம் பக்கத்து நோயாளிகளை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்து எழுதியது ஒன்று இருந்தாலும் எனக்கு அது பெரிது. மாநாட்டில் பேசிய பட்டியலை நான் மதிப்பதில்லை.

சீனியரா? மான்ட்ரியலில் பயின்று வந்த ஜேக்கப் சாண்டி 1949-லேயே சி.எம்.சி. மருத்துவமனையில் நரம்பியல் துறை தொடங்கிய ஊர் இது, சீனியருக்கு என்ன பஞ்சம்! ஆனால் எம்.எஸ்.ஸை உறுதிசெய்யும் மெக்டொனால்ட் விதிகள் 2001-ல் வந்து, 2005, 2010, 2017 என்று மாறிக்கொண்டே இருக்கின்றன. நரைக்காக மட்டும் ஒருவரைத் தேடிப் போகாதீர்கள்.

ஆற்காடு வாசி:
எனக்கே எம்.எஸ். என் டாக்டர் வெறும் டி.எம்.தான். சந்தேகம் வந்தால் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு மருந்து எழுதுவார். எனக்கு அது போதும்.

சத்துவாச்சாரி சிஸ்டர்:
அப்படிக் கேட்கிற டாக்டர் கிடைத்தால் விடவே கூடாது.

குடியாத்தம் தறிக்காரன்:
சிஸ்டர், ஃபைலில் தேடினேன். அந்த ஆன்டிபாடி டெஸ்ட் இல்லை. ஸ்டீராய்டு ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

சத்துவாச்சாரி சிஸ்டர்:
ஸ்டீராய்டு இரண்டுக்குமே கொடுப்பதுதான், பயப்படாதீர்கள். டெஸ்ட் தேவையா என்று படத்தைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும். ரிப்போர்ட் தாளோடு நிற்காமல் ஸ்கேன் சி.டி.யையும் கொண்டுபோங்கள்.