காப்பி பூப்பதற்குள் ஒரு கேமரா

குழு: அடிவாரமும் மலையும்

ஞாயிறு

நான், காலை 7.05: அனைவருக்கும் வணக்கம். தேர்வு முடிந்ததும் கேமரா வாங்கித் தருவதாக அப்பா சொன்னது இந்தக் குழுவிலேயே எழுத்தில் இருக்கிறது. இணையத்தில் ‘48 மெகாபிக்சல், 4கே, 16 மடங்கு ஜூம்’ என்று விளம்பரம் செய்யும் சிறிய கேமரா 5,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. என் சேமிப்பையும் சேர்த்து 8,000 ரூபாய் வரை செலவிடலாம். அதை வாங்கலாமா என்று மாமாதான் சொல்ல வேண்டும்.

அப்பா, 7.20: சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் கையில் உள்ள செல்போனே நன்றாகப் படம் எடுக்கும்போது தனியாக ஒரு கேமரா எதற்கு என்பதை மச்சான் விளக்கினால் நல்லது.

ஏற்காடு சித்தி, 7.32: முந்தாநாள் இரவு இங்கே நல்ல மழை பெய்தது. காப்பி மொட்டுகள் இந்த மழைக்காகத்தான் காத்திருந்தன. இன்னும் எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுவதும் வெள்ளையாகப் பூத்துவிடும், ஆனால் மூன்று நான்கு நாளுக்கு மேல் நிற்காது. எந்தக் கேமராவாக இருந்தாலும் அதற்குள் வாங்கிக்கொண்டு வந்து சேர்.

மாமா, 8.10: கண்ணு, அந்த 5,000 ரூபாய் கேமராவை விட்டுவிடு. அந்த வகைக் கேமராக்கள் பலவற்றில் இருப்பது செல்போனில் இருப்பதைவிடச் சிறிய சென்சார் (வெளிச்சத்தைப் படமாகப் பதியும் சில்லு), முன்னும் பின்னும் நகராத ஒரே லென்ஸ். அது பதிவு செய்யும் புள்ளிகளை மென்பொருள் பரப்பி 48 மெகாபிக்சல் என்று கணக்குக் காட்டும். மாவில் தண்ணீர் ஊற்றி இட்லியின் எண்ணிக்கையைக் கூட்டுவது போன்ற வேலை அது. 16 மடங்கு ஜூம் என்பதும் எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதுதான். விளம்பரத்தில் ‘ஆப்டிகல் ஜூம்’, அதாவது லென்ஸே நகர்ந்து பெரிதாக்குவது, என்ற சொல் இருக்கிறதா என்று முதலில் பார். அந்தச் சொல் இல்லாவிட்டால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

மாமா, 8.21: மெகாபிக்சலைப் பற்றி ஸ்டூடியோக்காரன் கணக்கு ஒன்று சொல்கிறேன். 6க்கு 4 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் நேர்த்தியாக அச்சிட 1800க்கு 1200 புள்ளி, அதாவது இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று அதிகம் இருந்தால் போதும். சுவரில் மாட்டும் 12க்கு 8 அங்குலப் படத்துக்கே ஒன்பது மெகாபிக்சலைத் தாண்டாது. ஆகவே 12 மெகாபிக்சல் உள்ள பழைய கேமரா உனக்குத் தாராளம்.

அப்பா, 8.30: செல்போன் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

மாமா, 8.52: மாப்பிள்ளை, உங்கள் கேள்வி நியாயமானதே. ஏற்காட்டு லேடீஸ் சீட்டில் நின்று இரவில் சேலத்து விளக்குகளை எடுப்பதாக இருந்தால், இன்றைய நல்ல செல்போன் பல படங்களை அடுக்கி ஒன்றாக்கித் தருவதை எட்டாயிரம் ரூபாய்க் கேமராவால் எட்ட முடியாது. அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் செல்போன் நமக்காக எல்லாவற்றையும் தானே முடிவு செய்துவிடுகிறது. கேமராவிலோ பொத்தானைப் பாதி அழுத்தி ஃபோகஸை நிறுத்தி, படச் சட்டத்தைச் சற்று நகர்த்தி, பிறகு முழுவதும் அழுத்த வேண்டும். அந்தப் பாதி அழுத்தத்தில்தான் பிள்ளை யோசிக்கக் கற்றுக்கொள்ளும். படம் எடுக்கும் நடுவில் யாரும் அழைக்கவும் மாட்டார்கள்.

அண்ணன், 9.15: நான் இங்கே பெங்களூரில் விசாரித்தேன். சோனி ஆர்எக்ஸ்100 வாங்கினால் பல வருடங்களுக்கு வேறு எதுவும் தேவைப்படாது என்கிறார்கள்.

மாமா, 9.24: சரியாகத்தான் சொல்கிறார்கள். 2012இல் வந்த அதன் முதல் மாடலிலேயே சென்சார் 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், சாதாரணச் சிறிய கேமராவின் சென்சாரைப் போல நான்கு மடங்கு பரப்பு. ஆனால் பழையது வாங்கினாலும் எட்டாயிரத்துக்குள் நல்ல நிலையில் கிடைப்பது அரிது. மீதித் தொகையை நீ போடுவதாக இருந்தால் பேச்சு வேறு.

அண்ணன், 9.26: நான் எதுவும் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா, 9.58: என் மனத்தில் இரண்டு கேமராக்கள் உள்ளன, இரண்டும் பழையதாகத்தான் தேட வேண்டும். ஒன்று சோனி சைபர்ஷாட் டபிள்யூ830. எட்டு மடங்கு ஆப்டிகல் ஜூம், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி, இருபது மெகாபிக்சல், சட்டைப் பையில் அடங்கும் அளவு. இன்னொன்று கேனான் பவர்ஷாட் எஸ்110. ஜூம் ஐந்து மடங்குதான், மெகாபிக்சல் 12தான். ஆனாலும் நான் இரண்டாவதையே சொல்வேன். அதன் சென்சார் முதலாவதைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. லென்ஸின் வாய் எஃப் 2 வரை திறப்பதால் (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிது), எஃப் 3.3இல் நின்றுவிடும் சோனியைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும், ஜூம் செய்யாத நிலையில். எல்லாவற்றுக்கும் மேலாக, ஷட்டர் வேகத்தையும் (வெளிச்சம் உள்ளே வரும் நேரம்) லென்ஸ் திறப்பையும் நாமே வைக்கும் மேனுவல் முறை அதில் உண்டு, சோனியில் இல்லை. லென்ஸைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அதைத் திருகும்போது எனக்குப் பழைய ஃபிலிம் கேமரா ஞாபகம் வந்துவிடும், அந்தப் பாசமும் இந்தச் சிபாரிசில் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

ஏற்காடு சித்தி, 10.20: அண்ணா, எனக்கு ஒரு சந்தேகம். பகோடா பாயின்ட்டில் பனிமூட்டத்தை எத்தனை முறை எடுத்தாலும் கண்ணுக்குத் தெரிந்த வெண்மை வருவதில்லை, கழுவாத வேட்டியைப் போல மங்கலாகவே வருகிறது. அது கேமராவின் குறையா?

மாமா, 10.47: குறை இல்லை அம்மா. எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக்கொண்டு வெளிச்சத்தை அளப்பது கேமராவின் பழக்கம். சட்டம் முழுவதும் வெள்ளையாக இருந்தால், ‘இது மிகை வெளிச்சம்’ என்று தானே குறைத்துவிடும். கூட்டல் கழித்தல் குறி போட்ட அமைப்பில் கூட்டல் பக்கம் ஒரு முழு அளவு தள்ளினால் பனி பனியாகவே வரும். காப்பிப் பூவுக்கு இதற்கு நேர்மாறு. கரும்பச்சை இலைகளுக்கு நடுவே கிளையை ஒட்டிப் பூ கொத்தாக இருப்பதால், கேமரா இலையின் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இதழெல்லாம் வெள்ளைக் காகிதம் போல வெளிறிப்போகும். அங்கே கழித்தல் பக்கம் ஏறத்தாழ முக்கால் அளவு தள்ள வேண்டும். காலை வெயில் ஏறுவதற்கு முன் எடுத்தால் பாதி வேலை மிச்சம். கண்ணு, முதல் ஒரு மாதம் இந்த ஒன்றை மட்டும் பழகு, மேனுவல் முறை பிறகு இருக்கட்டும்.

வியாழன்

நான், மாலை 4.40: மாமா, ஐந்து ரோடு பக்கம் பழைய கேமரா விற்கும் ஒரு கடையில் நிற்கிறேன். எஸ்110 இரண்டு இருக்கின்றன. ஒன்று 6,000, இன்னொன்று 7,500. முதலாவது உடம்பில் கீறலே இல்லாமல் புதியது போல இருக்கிறது.

மாமா, 4.44: உடம்பை விடு. கேமராவை இயக்கி, லென்ஸ் வெளியே வந்ததும் செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்து உள்ளே பார். பிறகு ஜூமை முழுவதும் நீட்டி, லென்ஸ் திறப்பை எஃப் 8இல் வைத்து, கடையின் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடு.

நான், 4.58: முதலாவதில் சுவர் சுத்தமாக வந்தது. ஆனால் லென்ஸுக்குள் சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள் தெரிகின்றன. துடைத்தால் போய்விடும் என்கிறார் கடைக்காரர்.

மாமா, 5.01: அது பூஞ்சை, உள்ளே இருப்பதைத் துடைக்க முடியாது. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இரண்டாவதைப் பார்.

நான், 5.15: இரண்டாவதில் இழை இல்லை. சுவர்ப் படத்தின் மூலையில் மங்கலாக ஒரு சிறு புள்ளி இருக்கிறது. உடம்பில் கீறல்கள் நிறைய உள்ளன. லென்ஸ் சத்தமில்லாமல் நீண்டு சுருங்குகிறது.

மாமா, 5.18: அந்தப் புள்ளி சென்சாரில் படிந்த தூசு. எஃப் 2இல் பெரும்பாலும் தெரியாது. அதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல். பேட்டரியும் சார்ஜரும் கையோடு வேண்டும்.

நான், 5.36: 6,800 ரூபாய்க்குத் தந்துவிட்டார். சார்ஜரும் கொடுத்தார்.

அப்பா, 5.38: மீதிப் பணத்தில் 32 ஜிபி மெமரி கார்டு ஒன்றும் இன்னொரு பேட்டரியும் வாங்கிக்கொள். பேட்டரிக்குப் பணம் போதாவிட்டால் அதை நான் தருகிறேன்.

மாமா, 5.41: மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு அதில் கேமராவை வை. மலை ஈரத்துக்கு அது மிக முக்கியம். வாங்கிய கடையில் பார்த்த இழை உன் லென்ஸிலும் வர ஒரு மழைக்காலம் போதும்.

ஏற்காடு சித்தி, 6.10: இன்று காலை தோட்டத்தைச் சுற்றி வந்தேன். மொட்டுகள் நீண்டு வெளுத்துவிட்டன. சனிக்கிழமை விடியற்காலையில் விரிந்துவிடும். நாளை மதியப் பேருந்திலேயே ஏறிவிடு. இருபது கொண்டை ஊசி வளைவிலும் படம் எடுக்கிறேன் என்று ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டாதே. ஸ்வெட்டர் எடுத்து வர மறக்காதே.