இன்சைட்டின் துளைக் கருவி செவ்வாயில் ஏன் சிக்கியது?

துருவன்: செவ்வாயில் தரையிறங்கிய நாசாவின் இன்சைட் கலத்தின் வெப்ப ஆய்வுக் கருவி, அந்த ‘மோல்’, மண்ணுக்குள் 5 மீட்டர் வரை இறங்க வேண்டியது. 2019 பிப்ரவரி 28-ல் அடிக்கத் தொடங்கி, சுமார் 30 செ.மீ.யில் நின்றுவிட்டது. பாறையா, மண்ணா காரணம்?

ரேணு: மண்தான். மோல் 40 செ.மீ. நீளக் குழாய், உள்ளே ஸ்பிரிங்கால் இயங்கும் சுத்தியல். ஒவ்வொரு அடிக்கும் பின்னுதைப்பு வரும். சுற்றியுள்ள மண்ணின் உராய்வு அதைத் தாங்கினால்தான் முனை முன்னேறும். இல்லாவிட்டால் நின்ற இடத்திலேயே துள்ளும். தளர்ந்த மணல் என்றால் சரிந்து குழாயை இறுக்கிப் பிடித்திருக்கும். கலம் இறங்கிய எலிசியம் சமவெளியில் துகள்கள் ஒட்டி இறுகிய அடுக்கு. துள்ளத் துள்ளக் குழி அகன்றதே தவிர மண் சரியவில்லை.

துருவன்: ரோபோ கையால் அழுத்தினார்களே?

கதிர்: ஆமாம். 2019 அக்டோபரில் அந்தக் கையின் கரண்டியைக் குழாயின் பக்கவாட்டில் அழுத்தியதும் சில செ.மீ. இறங்கியது. ஆனால் அந்த மாதக் கடைசியில் சுமார் பாதி வெளியே எகிறியது. முனைக்கடியில் மண் விழுந்து நிரப்பியிருக்க வேண்டும். பிறகு குழாயின் உச்சியிலேயே அழுத்தினார்கள். இது ஆபத்தான வேலை, தரவுக் கம்பி புறப்படுவது அங்கிருந்துதான். முழுக்கப் புதைந்த பிறகும், 2021 ஜனவரி 9-ல் கொடுத்த 500 சுத்தியல் அடிகளில் நகரவே இல்லை.

ரேணு: உழைப்பு வீண் அல்ல. குழாயையே சூடாக்கி, வெப்பம் ஏறும் வேகத்தைப் பார்த்து, மேல்மண்ணின் வெப்பக் கடத்தல் மீட்டர்-கெல்வினுக்குச் சுமார் 0.039 வாட் என்று அளந்தார்கள். கோளின் உள்வெப்ப ஓட்டம் மட்டும் கிடைக்கவில்லை; பகல், பருவ வெப்ப அலைகள் எட்டாத ஆழம் அதற்குத் தேவை.