பெற்றோர் வாட்ஸ்அப் குழுவைத் தொடர்வதா, கலைப்பதா?

கேள்வி (நடுநிலைப் பள்ளித் தலைமை ஆசிரியை):
வணக்கம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், தேர்வுக் கால அட்டவணை போன்றவற்றை அறிவிப்பதற்காக நாங்கள் தொடங்கிய பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இப்போது காலை வணக்கப் படங்களும் கட்சிச் செய்திகளுமே நிறைந்திருக்கின்றன. சென்ற மழைக்காலத்தில் யாரோ பகிர்ந்த பழைய விடுமுறை அறிவிப்பை நம்பி, பிள்ளைகள் பலர் பள்ளிக்கு வரவில்லை. இதற்கிடையே, விளையாட்டு விழாப் படங்களைப் பள்ளியின் முகநூல் பக்கத்தில் வெளியிட்டதற்காக ஒரு தாய் நேரில் வந்து வருத்தப்பட்டார். குழுவைக் கலைத்துவிடலாமா?

பதில் 1 (ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்):
கலைக்க வேண்டாம், அம்மா. நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பும் வசதி 2018 முதல் வாட்ஸ்அப்பில் இருக்கிறது. அதை இன்றே இயக்குங்கள். மழை விடுமுறையை மாவட்ட ஆட்சியரே அறிவிப்பதால், அவரது அதிகாரப்பூர்வப் பக்கத்தில் தேதியைச் சரிபார்த்துவிட்டு நீங்கள் அனுப்பும் செய்தியை மட்டுமே நம்ப வேண்டும் என்பதைப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள். இன்னோர் ஆசிரியரையும் நிர்வாகியாக்குங்கள். ஒரே நிர்வாகி மாறுதலாகிக் குழுவைவிட்டு விலகினால், உறுப்பினர்களுள் எவரேனும் ஒருவர் தானாகவே நிர்வாகியாகிவிடுவார்; எங்கள் பள்ளியில் அப்படித்தான் ஒரு தேநீர்க் கடைக்காரர் சில நாள் குழுவை நடத்தினார், நன்றாகவே நடத்தினார் என்பது வேறு செய்தி.

பதில் 2 (ஒரு மாணவியின் தாய்):
எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே கைப்பேசி, திருப்பூரில் வேலை பார்க்கும் என் கணவரிடம் இருக்கிறது. "நாளை சீருடை வேண்டாம்" என்ற செய்தி அவருக்குப் போய், அவர் இரவில் பக்கத்து வீட்டுக்கு அழைக்கும்போதுதான் எனக்குத் தெரிகிறது. ஆகவே குறிப்பேட்டில் எழுதியனுப்பும் வழக்கத்தைத் தயவுசெய்து கைவிடாதீர்கள். குழுவில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரிவதும் பெண்களுக்குத் தொல்லையாக இருக்கிறது.

பதில் 3 (வழக்கறிஞர்):
எண்கள் தெரியாமலிருக்க, வாட்ஸ்அப்பின் 'கம்யூனிட்டி' வசதியில் உள்ள அறிவிப்புக் குழுவைப் பயன்படுத்தலாம்; அதில் உறுப்பினர்களின் எண்கள் நிர்வாகிகளுக்கு மட்டுமே தெரியும். படங்களைப் பொறுத்தவரை அந்தத் தாயின் வருத்தம் நியாயமானது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறைவடையாத அனைவரையும் குழந்தைகளாகவே கருதி, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. சேர்க்கையின்போதே எழுத்துவழி ஒப்புதல் பெறுங்கள். அதைப் பின்னர் திரும்பப் பெறவும் இடம் கொடுங்கள். ஒப்புதல் இருந்தாலும் பெயர், வகுப்பு ஆகியவற்றைப் படத்துடன் சேர்க்காதீர்கள். மதிப்பெண் பட்டியலைக் குழுவில் இடும் வழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்:
மதிப்பெண் பட்டியலை நாங்களும் இட்டுவந்தோம், இன்று நீக்கிவிட்டேன். விழாப் படங்களையும் நீக்கிவிட்டு, அந்தத் தாயிடம் நாளை நேரில் சொல்கிறேன்.