பேறுகாலத்தில் பிபி ஏறியவருக்குப் பின்னாளில் பக்கவாதம் வருமா?

நதியோரம்:
தங்கைக்கு வயது 28. முதல் பிரசவம். 33ஆம் வாரத்தில் பிபி 160/110, சிறுநீரில் புரதம். வலிப்பு வராமலிருக்க மெக்னீசியம் சல்பேட் ஊசி போட்டு சிசேரியன் செய்தார்கள். குழந்தைக்கு எட்டு மாதம் ஆகிறது. மாத்திரையை நிறுத்தியும் பிபி 118/76தான். "சரியாகிடுச்சே, இனி எதுக்கு டாக்டர்?" என்கிறார்கள் வீட்டில். பின்னாளில் பக்கவாதம் வரும் என்பது உண்மையா?

வார்டு16:
வாய்ப்பு கூடும் என்பது உண்மை. பிரீஎக்ளாம்சியா (உங்கள் தங்கைக்கு வந்தது போல, கர்ப்பத்தில் பிபி ஏறி சிறுநீரில் புரதமும் போவது) வராத பெண்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் இந்த வயதில் பக்கவாதமே அரிது, அதை இரண்டால் பெருக்கினாலும் அரிதுதான். நாற்பது, ஐம்பது தாண்டும்போதுதான் கணக்கு கனக்கும். 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் பார்க்க வேண்டி வந்ததால் உங்கள் தங்கை கூடுதல் கவனம் தேவைப்படும் பிரிவு.

பெரும்பாலும் நிரந்தர பிபி வழியாகத்தான் இது வரும், சத்தமில்லாமல் ஏறும். வருடம் ஒருமுறை பிபி, சர்க்கரை பாருங்கள். கொழுப்பும் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) இப்போது ஒருமுறை. சிறுநீர்ப் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள்: பிரசவமாகி மூன்று மாதத்துக்குப் பிறகும் புரதம் போனால் சிறுநீரக டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.

இன்னொன்று. பத்து வருடம் கழித்துப் பார்க்கும் டாக்டர் "பிபி, சுகர் இருக்கா?" என்றுதான் கேட்பார். பிரசவத்தில் என்ன நடந்தது என்று உங்கள் தங்கையே சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்துங்கள்.

கைப்பட்டை:
வீட்டில் பார்ப்பதென்றால் மேல்கைக் கருவி வாங்குங்க. பட்டை கைக்குச் சின்னதா இருந்தா பிபி கூடுதலா காட்டும், வீணா பயந்துடுவீங்க. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசை மேல வச்சு, ஒரு நிமிஷ இடைவெளியில் ரெண்டு தடவை. வீட்டு அளவில் 135/85 தொடர்ந்து தாண்டினா காட்டணும்.

செவ்வந்தி:
இதைப் படிக்கும் புதுத் தாய்மார்களுக்கு: பிரசவமான முதல் ஆறு வாரமும் ஆபத்தான காலம். பிபி மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை மறுபடி உச்சத்துக்குப் போகும், பல பேர் அதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைப்பது இன்னும் மோசம். ஏற்கெனவே எளிதில் உறையும் ரத்தம், நீரும் வற்றினால் மூளைச் சிரையிலேயே உறையலாம். நாளுக்கு நாள் கூடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம் எது வந்தாலும் உடனே 108. சாதாரண சிடி ஸ்கேனில் இந்தச் சிரை உறைவு தப்பிவிடக்கூடும். பிரசவமான தேதியை முதலிலேயே சொல்லுங்கள், மூளைச் சிரைகளைக் காட்டும் எம்ஆர் வெனோகிராம் ஸ்கேன் எடுப்பார்கள்.

நதியோரம்:
நன்றி. கருத்தடை மாத்திரை எடுக்கலாமா? அடுத்த குழந்தை?

வார்டு16:
பிபி இயல்பாக இருக்கும்வரை பெரிய தடையில்லை. 140/90 ஐத் தொட்டாலோ, ஒற்றைத் தலைவலிக்கு முன் கண்ணில் மின்னல் கோடுகள் தெரிந்தாலோ ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை வேண்டாம். காப்பர் டி போதும். அடுத்த முறை நாள் தள்ளியதுமே பதிந்துவிடுங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரினை (75 முதல் 150 மி.கி.) 12ஆம் வாரத்தில் டாக்டர் தொடங்குவார். 16 வாரம் தாண்டிப் போனால் பலன் குறைவு.