ஜேக்கோபியன் ஊகம்: படி 3-க்கு நிரூபித்தால் வேலை முடிந்ததா?

கேள்வி (சுங்கை சிப்புட்)
வணக்கம். எஸ்டிபிஎம் (மலேசியப் பல்கலைக்கழக நுழைவுக்கு முந்தைய தேர்வு) மாணவர்களின் சனிக்கிழமைக் கணிதக் குழுவில் எழுந்த சந்தேகம். பல்லுறுப்புக்கோவைச் சார்பு F-இன் ஜேக்கோபியன் அணிக்கோவை (பகுதி வகைக்கெழுக்களை அடுக்கிய JF அணியின் கோவை) பூச்சியமல்லாத மாறிலியாக இருந்தால், நேர்மாறும் பல்லுறுப்புக்கோவைதானா? ஆம் என்பதே ஜேக்கோபியன் ஊகம், 1939-இல் கெல்லர் எழுப்பியது. படி (degree) 2-க்கு 1980-இல் வாங் நிரூபித்துவிட்டார். அதே வழி படி 3-இல் எங்கே சிக்குகிறது?

பதில் 1
நடுப்புள்ளியில். F(a)=F(b), m=(a+b)/2 என்று வையுங்கள். படி 2 என்றால் F(b)−F(a) = JF(m)(b−a); மிச்சமே கிடையாது. அணிக்கோவை பூச்சியமில்லை, ஆகவே a=b. சிக்கலெண்களில் ஒன்றுக்கொன்று என்று காட்டிவிட்டால் போதும், பல்லுறுப்புக்கோவை நேர்மாறு தானாக வரும்.

F = x + H என்றும், H-இன் உறுப்பு ஒவ்வொன்றும் படி 3 என்றும் இருந்தால் கூடவே H(b−a)/4 ஒட்டிக்கொள்ளும். x³-க்குப் போட்டுப் பாருங்கள்: மிச்சம் (b−a)³/4. அதை விரட்ட வழியில்லை.

பதில் 2
தலைப்புக் கேள்விக்கு: ஆமாம், ஆனால் எல்லா மாறி எண்ணிக்கைக்கும் நிரூபிக்க வேண்டும். யாக்செவ் (1980), பாஸ்–கானெல்–ரைட் (1982) காட்டியது இதுதான்: மாறிகளைக் கூட்டிக்கொண்டே போனால் எந்தப் படியையும் மேலே சொன்ன x + H வடிவுக்கு இறக்கலாம். 1983-இல் துருஷ்கோவ்ஸ்கி இன்னும் இறுக்கினார்: H-இன் ஒவ்வொரு கூறும் ஒரு நேரியல் கோவையின் கனம். 3 மாறியில் மட்டும் முடித்துவிட்டு வெடி போடாதீர்கள். 2 மாறிக்கு மோ 1983-இல் படி 100 வரை சரிபார்த்தார்.

யாராவது நிரூபணம் என்று தாளை நீட்டினால் முதலில் x − xᵖ-ஐ நுழைத்துப் பாருங்கள். p பகா எண்; எண்களை p-ஆல் வகுத்த மீதியாக எடுக்கும் களத்தில் வகைக்கெழு 1. ஆனால் 0 முதல் p−1 வரை எல்லாமே 0-க்குப் போகும். அங்கேயும் அந்த வாதம் ஓடினால் தாளை மூடிவிடலாம். அணிக்கோவை எங்கும் நேர்மம் என்பதை மட்டும் வைத்து மெய்த்தளத்தில் வாதிட்டாலும் கதை அதுதான்: 1994-இல் பின்சுக் எதிர்க்காட்டு கொடுத்துவிட்டார். அவருடைய அணிக்கோவை மாறிலி இல்லை என்பதால் ஊகம் அதில் அடிபடவில்லை.

கேள்வி கேட்டவர்
நன்றி சார். மாணவர்கள் கையால் போட ஒன்று?

பதில் 1
U = x+(x−y)², V = y+(x−y)². அணிக்கோவை 1. கழித்தால் U−V = x−y, எனவே x = U−(U−V)², y = V−(U−V)². அணிக்கோவையை விரிக்கும்போது (x−y)-ஐ t என்று எழுதச் சொல்லுங்கள், (1+2t)(1−2t)+4t² வரும். குறி தப்புவது அந்த +4t²-இல்தான்.