குழல்ல இருக்கற பேரு வேற, செஞ்சவன் வேற: பழைய கடை பிராண்ட் துப்பாக்கி அனுபவம் இருந்தா சொல்லுங்க

நான் பென்சில்வேனியாவுல இருக்கேன். பக்கத்து வீட்டுப் பாட்டி போன வருஷம் வீட்டைக் காலி பண்றப்போ, தாத்தா மான் வேட்டைக்கு வச்சிருந்த பம்ப் ஷாட்கன் ஒண்ணு பரண்ல கிடக்கு, எடுத்துக்கறியான்னு கேட்டாங்க, கைமாத்துற பேப்பர் வேலையெல்லாம் துப்பாக்கிக் கடை மூலமாவே முடிச்சோம். 12 கேஜ், அதாவது நம்மூர்ல 12 போர்னு சொல்லுவோமே அது; பம்ப்னா முன்கட்டையை இழுத்துத் தள்ளி அடுத்த தோட்டாவை ஏத்தற வகை. பேரல் மேல, அதாவது குழல் மேல, "ஜே.சி. ஹிக்கின்ஸ் மாடல் 20"ன்னு இருந்துச்சு. ஹிக்கின்ஸ்னு ஒரு துப்பாக்கி கம்பெனியைத் தேடித் தேடி ஓஞ்சு போனேன், கடைசில பாத்தா அந்த ஆளு சியர்ஸ்ங்கற பெரிய அமெரிக்கக் கடையோட சிகாகோ ஆபீஸ்ல கணக்குப் பாத்தவராம்! ஜான் ஹிக்கின்ஸ்ங்கற பேரு நல்லாருக்கேன்னு விளையாட்டு சாமானுக்கு எல்லாம் வச்சிருக்காங்க, அந்த "சி" கூட சும்மா சேத்ததாம்.

வேற கம்பெனி செஞ்ச துப்பாக்கியைத்தான் கடைக்காரங்க தங்களோட பிராண்ட் பேர்ல வித்திருக்காங்க, அதனால நிஜ மேக்கரைக் கண்டுபிடிக்க பேரைப் பாக்கவே கூடாது, நம்பரைப் பாக்கணும். சியர்ஸ் மாடல் நம்பர்ல புள்ளிக்கு முன்னாடி வர்ற மூணு இலக்கம்தான் செஞ்ச கம்பெனியோட கோடு. என்னோடது 583, அப்படின்னா ஹை ஸ்டாண்டர்டுங்கற கம்பெனி. 273ன்னா வின்செஸ்டர், 103ன்னா மார்லின். அடகுக்கடைக்காரர் ஒருத்தர் "சியர்ஸ் துப்பாக்கியா, 60 டாலர் தரேன்"னு மூஞ்சைச் சுளிச்சப்போ இதெல்லாம் எனக்குத் தெரியாது, நல்லவேளை குடுக்கல.

இன்னொரு பயம், சீரியல் நம்பரே இல்ல. யாரோ அராவி எடுத்துட்டாங்களோன்னு ரெண்டு நாள் தூக்கம் வரல. துப்பாக்கிக்கு சீரியல் நம்பர் கட்டாயம்னு அமெரிக்காவுல 1968 சட்டம் வர்றதுக்கு முன்னாடி நிறைய ஷாட்கன், .22 ரைஃபிள்ல எல்லாம் கம்பெனியே நம்பர் போட்டதில்லையாம். அழிச்சிருந்தாதான் குத்தம், மொதல்லேருந்தே இல்லாததுக்கு ஒண்ணும் இல்ல.

— ஓஹையோக்காரன்:
அண்ணே என் கதையும் இதேதான். என்கிட்ட இருக்கறது வெஸ்டர்ன் ஃபீல்டு எம்550, மான்ட்கமரி வார்டு கடையில வித்தது. கிளீன் பண்றேன்னு பிரிச்சு ஒரு ஸ்பிரிங்கைப் பறக்க விட்டுட்டேன், கராஜ் முழுக்க டார்ச் அடிச்சுத் தேடியும் கிடைக்கல. வெஸ்டர்ன் ஃபீல்டு பார்ட்டுன்னு தேடினா ஒண்ணுமே வரல. சுட்டுப் பழகற ரேஞ்ச்ல ஒரு பெரியவர்தான் சிரிச்சுக்கிட்டே "அது மாஸ்பர்க் கம்பெனியோட 500 மாடல்தாம்ப்பா, அந்தப் பேர்ல தேடு"ன்னாரு. ஒரே வாரத்துல வந்துருச்சு.

— டெக்ஸாஸ் தம்பி:
நான் பண்ண முட்டாள்தனத்தை யாரும் பண்ணாதீங்க. என் ஹிக்கின்ஸ் மாடல் 50, .30-06 தோட்டா போடற ரைஃபிள். துரு லேசாத்தான் இருந்துச்சு, ஆனா புதுசு மாதிரி பளபளன்னு இருக்கணும்னு மெஷின்ல பாலீஷ் போட்டு, திரும்ப ப்ளூயிங் (இரும்பு மேல இருக்கற கருநீலப் பூச்சு) பண்ணி, கட்டையை உப்புத்தாள் தேச்சு வார்னிஷும் அடிச்சுட்டேன். பேரல்ல இருந்த எழுத்து பாதி காணோம். அப்புறம்தான் தெரிஞ்சது, அதுல இருக்கற ஆக்ஷன், அதாவது தோட்டாவை ஏத்திப் பூட்டற பகுதி, பெல்ஜியத்து எஃப்என் கம்பெனி செஞ்ச மவுசர் வகை, பேரல் உள்பக்கம் குரோம் பூசின ஹை ஸ்டாண்டர்டு பேரல். விவரம் தெரிஞ்சவங்க தேடி வாங்கற ஐட்டம். வாங்க வந்த ஒருத்தர் கையில எடுத்துப் பாத்துட்டு எதுவுமே பேசாம கீழ வச்சுட்டுப் போயிட்டாரு, திட்டியிருந்தாக்கூட பரவால்லன்னு இருந்துச்சு. மேல்துருவுக்கு எண்ணெய் நனைச்ச நாலு ஜீரோ (0000, ரொம்ப மெல்லிசான) ஸ்டீல் வுல்லால, அதாவது இரும்பு நாரால, மெதுவா தேச்சாலே போதும்.

— மிச்சிகன் மாப்ள:
மாமனார் வீட்டுச் சுவத்துல ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கி தொங்குது, அந்தக் காலத்துல ஹார்டுவேர் கடைகள்ல அவனவன் பேரைப் பொறிச்சு வித்த வகை. குழல் மேல பாம்புத்தோல் மாதிரி கோடு கோடா டிசைன், அடியில முட்டை வடிவத்துக்குள்ள இ-எல்-ஜி முத்திரை. அது பெல்ஜியத்துல லியேஜ் ஊர்ல சோதிச்சதுக்கான அடையாளம். ஒரு தடவை சுட்டுப் பாக்கலாம்னு மச்சான் தோட்டாவோட கிளம்பிட்டான், துப்பாக்கி ரிப்பேர் பண்ற கன்ஸ்மித்கிட்ட காமிச்சுட்டுப் போலாம்னு நான்தான் இழுத்துட்டுப் போனேன். அவரு அலறிட்டாரு. அது டமாஸ்கஸ் குழல், இரும்பும் ஸ்டீலும் பட்டையா முறுக்கிச் சுத்தி ஒட்டினது, கருமருந்து காலத்துச் சமாச்சாரம், இப்போ கடையில விக்கற தோட்டா போட்டா குழல் விரிஞ்சு இடது கை விரலோட போயிரும்னாரு. மறுபடி சுவத்துக்கே போயிருச்சு.

— மொதல்ல எழுதினவன்:
டெக்ஸாஸ் தம்பி, மனசு வலிக்குதுய்யா. நான் ப்ளூயிங்கைத் தொடவே இல்ல. உள்ள மட்டும்தான் வேலை, தாத்தா வருஷா வருஷம் ஊத்தின எண்ணெய் காஞ்சு கோந்து மாதிரி ஒட்டிப்போய் பம்ப் நகரவே இல்ல, சால்வென்ட்ல ஊற வச்சு பழைய டூத்பிரஷ்ஷால எடுத்தேன். எண்ணெய் அதிகமானா கீழ வடிஞ்சு ஸ்டாக் (தோள்ல வைக்கற கட்டை) கழுத்துல ஊறிப் போயிடும், அதனால இப்போ குழல் கீழ பாக்கற மாதிரிதான் நிறுத்தி வைக்கறேன். அவரு போட்டு வச்சிருந்த தோல் உறையையும் எடுத்தாச்சு, ஈரத்தை இழுத்து அது பட்ட இடத்துல எல்லாம் துரு.

கன்ஸ்மித்தும் பாத்து ஓகே சொல்லிட்டாரு. தோட்டா உக்கார்ற சேம்பர் 2¾ இஞ்சுதான், 3 இஞ்ச் தோட்டா பக்கமே போகாதேன்னாரு. ரெண்டு பெட்டி வாங்கி வச்சிருக்கேன், சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போறேன். பாட்டிக்கு போட்டோ அனுப்பணுமாம், ரெண்டு தடவை ஞாபகப்படுத்திட்டாங்க.