ஆல் ஸ்டார் ஆட்டமா, சாதாரண லீக் ஆட்டமா? பிலடெல்பியா செல்ல இருப்பவரின் கேள்வி

கொடைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவன், வயது 62. நியூஜெர்சியில் வேலை பார்க்கும் என் மகள் வரும் ஜூன் மாதம் என்னை அங்கே அழைத்திருக்கிறாள். அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்ற இரு பிரிவுகளின் சிறந்த வீரர்கள் மோதும் பேஸ்பால் ஆல் ஸ்டார் ஆட்டம் ஜூலை 14 அன்று பிலடெல்பியாவில் நடக்க இருக்கிறது என்றும், அவள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்றும் சொன்ன நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

இந்த ஆசைக்குக் காரணம் உண்டு. என் அப்பா ஏழு ரோடு அருகில் செருப்புத் தைக்கும் கடை வைத்திருந்தார். அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்காக 1901இல் இங்கே தொடங்கிய பள்ளியின் மாணவர்கள், பேஸ்பால் கையுறையின் தோல்வார் அறுந்துபோனால் அப்பாவிடம்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். 1974 ஏப்ரலில் ஒருநாள், தைத்த கையுறையை வாங்க வந்த பையன் ஒருவன், ஹாங்க் ஆரன் 715ஆவது ஹோம் ரன் அடித்து பேப் ரூத் என்ற பழைய வீரரின் சாதனையைத் தாண்டிவிட்டார் என்று மூச்சு வாங்கச் சொன்னான். பந்தை மைதான வேலிக்கு அப்பால் அடிப்பதுதான் ஹோம் ரன் என்று அன்று அப்பாவுக்கும் தெரியாது, பத்து வயதுப் பையனான எனக்கும் தெரியாது. அந்தப் பெயர் மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. பின்னாளில் விதிகளைக் கற்றுக்கொண்டு, கடந்த சில ஆண்டுகளாக விடியற்காலையில் எழுந்து கணினியில் ஆட்டங்களைப் பார்த்துவருகிறேன்.

ஆனால் மகளின் நண்பர்கள், ஆல் ஸ்டார் என்பது வெறும் காட்சி ஆட்டம், அந்த டிக்கெட் விலைக்குச் சாதாரண லீக் ஆட்டங்கள் பலவற்றைப் பார்த்துவிடலாம் என்கிறார்கள். வாழ்க்கையில் ஒருமுறைதான் போகப்போகிறேன். நேரில் பார்த்தவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

குன்னூர் தேயிலை

ஐயா, தயங்காமல் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கே போங்கள். அட்லாண்டாவில் இருக்கும் என் மகனோடு 2025 ஜூலை 15 அன்று அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஆரனைப் பற்றி. அவர் 715ஆவது ஹோம் ரன்னை அடித்தது அதே ஊரில், இப்போது இல்லாத பழைய மைதானத்தில். ஆறாவது இன்னிங்ஸ் முடிந்ததும் விளக்குகளைத் தணித்துவிட்டு, 1974இன் அந்தக் காட்சியை ஆடுகளத்தின் மீதே ஒளிப்படமாக விரித்தார்கள். அன்று பந்து பறந்த பாதையிலேயே ஒரு வாணம் எழுந்து போனது. அருகில் இருந்த முதியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார்; நானும் எழுந்து நின்றேன்.

காட்சி ஆட்டம்தான் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 6–0 என்று பின்தங்கியிருந்த அமெரிக்கன் லீக் அணி, கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில், மூன்று பேர் அவுட்டானால் முடிந்தது என்ற நிலையில், இரண்டு பேர் அவுட்டான பிறகும் விடாமல் ஓடி 6–6 என்று சமன் செய்ததைப் பார்த்தவர்கள், வீரர்கள் பொழுதுபோக்காக ஆடினார்கள் என்று சொல்ல மாட்டார்கள். கூடுதல் இன்னிங்ஸ் கிடையாது என்பதால், அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு மூன்று முறை மட்டை வீசலாம் என்ற ஹோம் ரன் போட்டியால் வெற்றி முடிவானது. ஆல் ஸ்டார் வரலாற்றில் அதுவே முதல்முறை. நேஷனல் லீக்கின் கைல் ஷ்வார்பர் மூன்று வீச்சையும் ஹோம் ரன்னாக்கினார். நேஷனல் லீக் 4–3 என்று வென்றது. அவர் பிலடெல்பியா அணிக்காரர் என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்று: சில ஆண்டுகள் எல்லாருக்கும் ஒரே சீருடை கொடுத்திருந்தார்கள், 2025இல் மீண்டும் அவரவர் கிளப் உடையோடு ஆடவிட்டார்கள். ஒரே அணிக்குள் இத்தனை ஊர்களின் நிறங்களைச் சேர்த்துப் பார்ப்பது கண்ணுக்குப் பெரிய நிறைவு.

உதகை விசிறி

மேலே எழுதிய நண்பரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனாலும் மாறுபடுகிறேன். ஆல் ஸ்டாரில் ஒரு பிட்சர், அதாவது பந்து வீசுபவர், பெரும்பாலும் ஒரு இன்னிங்ஸ்தான் வீசுவார். மட்டையாளருக்கு இரண்டு அல்லது மூன்று வாய்ப்புகளே கிடைக்கும். பேஸ்பாலின் உயிர் அதில் இல்லை. ஒரே பிட்சர் அதே மட்டையாளரை ஒரே ஆட்டத்தில் மூன்றாவது முறையாகச் சந்திக்கும்போது, முதல் இரண்டு முறை என்ன வீசினார் என்பதை இருவரும் நினைவில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் ஏமாற்றப் பார்ப்பார்களே, அதை லீக் ஆட்டத்தில்தான் காண முடியும். டெஸ்ட் போட்டியில் நீண்ட ஸ்பெல் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சுவை உடனே பிடிபடும்.

இந்த ஆட்டத்துக்கு அர்த்தம் சேர்க்க அவர்களே முயன்றவர்கள்தான். 2002இல் மில்வாக்கியில் பிட்சர்கள் தீர்ந்துபோய் 11 இன்னிங்ஸோடு 7–7 என்று கைவிட்டபோது ரசிகர்கள் கொதித்தார்கள். அதனால் 2003 முதல் 2016 வரை, வெல்லும் லீக்கின் அணிக்கே, பருவத்தின் இறுதியில் இரு லீக் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரில் சொந்த மைதானச் சலுகை என்று வைத்திருந்தார்கள். பிறகு அதையும் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு அணியும் பருவத்துக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஜூனிலேயே ஒரு வார நாள் ஆட்டத்துக்குப் போய்விடுங்கள். அதைப் பார்க்காமல் ஆல் ஸ்டாரை மட்டும் பார்த்துத் திரும்பினால், தேர் பார்த்துவிட்டுக் கோயிலுக்குள் போகாமல் வந்ததுபோல் ஆகும்.

கோத்தகிரி அம்மா

சகோதரருக்கு வணக்கம். பிலடெல்பியாவில் என் மகள் குடும்பம் இருப்பதால் நடைமுறைச் செய்திகளை மட்டும் எழுதுகிறேன்.

மைதானம் நகரின் தென்பகுதியில் இருக்கிறது. பிராட் தெருவின் அடியில் ஓடும் சுரங்க ரயிலில் ஏறித் தெற்குக் கடைசி நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். காரை எடுத்துச் செல்ல வேண்டாம். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் 250ஆவது ஆண்டு என்பதால்தான் இந்த முறை ஆட்டம் அந்த ஊருக்கு வந்திருக்கிறது. ஜூலை 4 அன்று பக்கத்து மைதானத்தில் உலகக் கோப்பைக் கால்பந்து ஆட்டமும் உண்டு. ஆகவே விடுதி எடுக்காமல் அன்றே மகள் வீட்டுக்குத் திரும்பப் பாருங்கள்.

நம் மலைக்காற்றுக்குப் பழகியவர்களை ஜூலை மாதப் புழுக்கம் வாட்டிவிடும். இரவு ஆட்டமானாலும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருங்கள். இடியோடு மழையும் வரலாம். 1952இல் அதே ஊரில் நடந்த ஆல் ஸ்டார் ஆட்டம் மழையால் ஐந்தே இன்னிங்ஸில் முடிந்துபோனது.

டிக்கெட்டை முன்பின் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால், முந்தைய நாள் திங்கட்கிழமை மாலை நடக்கும் ஹோம் ரன் போட்டியையும் விசாரியுங்கள். முக்கியமாக, பார்வையாளர் பகுதிக்கு வரும் பந்தை கிரிக்கெட்டில் போலத் திருப்பி எறிய வேண்டியதில்லை, பிடித்தவருக்கே சொந்தம். வேகமாக வரும் என்பதால் வலைக்கு அப்பால் உட்கார்ந்தால் ஒவ்வொரு வீச்சையும் கவனித்துக்கொண்டிருங்கள்.

கொடைவாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை மகளுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். ஜூன் மாதத்தில் வார நாள் லீக் ஆட்டம் ஒன்றை முதலில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். உதகை நண்பர் சொன்ன மூன்றாவது சந்திப்பை அங்கே காத்திருந்து பார்ப்பேன். ஆனால் ஆரனுக்காக விளக்குகளைத் தணித்தார்கள் என்று படித்த பிறகு ஆல் ஸ்டாரையும் விட மனம் வரவில்லை. டிக்கெட் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமைப் போட்டிக்குப் போவோம்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. யாரோ ஒரு மாணவர் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன இடதுகைக் கையுறை ஒன்று இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பா தைத்த வார் அப்படியே உறுதியாக இருக்கிறது. அதை மைதானத்துக்குள் கொண்டுபோக விடுவார்களா?

கோத்தகிரி அம்மா

தாராளமாக விடுவார்கள், சகோதரரே. பெரியவர்களும் குழந்தைகளும் கையுறையோடுதான் வந்து உட்காருகிறார்கள். பழைய தோல் என்பதால் புறப்படுவதற்கு முன் சிறிது எண்ணெய் தடவி மென்மையாக்கிக்கொள்ளுங்கள்.